ஒரு டீ 104 ரூபாயா? - சிங்கப்பூரில் அம்மா போட்ட கணக்கு

"இதுல டீ எங்கம்மா இருக்கு?"

லேப்டாப் திரையை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

திருச்சி உறையூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் வேலை பார்க்கும் 27 வயது மகள், மூன்று இரவு கண்விழித்துப் போட்ட எக்ஸல் ஷீட்டைக் கூடத்தில் விரித்து வைத்திருந்தாள். சிங்கப்பூர். ஐந்து பகல், நான்கு இரவு. அப்பா, அம்மா, அவள். ஓர் ஆளுக்கு ஒரு நாள் செலவு 40 சிங்கப்பூர் டாலர், மூன்று பேருக்கு 120. காலைச் சாப்பாடு, மதியம், இரவு, ரயில், டிக்கெட் என்று பச்சை, மஞ்சள், நீலக் கட்டங்கள்.

டீ மட்டும் இல்லை.

"டீயெல்லாம் சில்லறைச் செலவுப்பா."

"உங்கம்மா ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பா. நான் மூணு. அது சில்லறையா?"

அப்பா கூட்டுறவு கடன் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டில் 1996-லிருந்து, அதாவது கல்யாணமான மாதத்திலிருந்து, செலவு நோட்டு இருக்கிறது. மளிகை, பால், பூ, மருந்து என்று தலைப்புகள் போட்டிருப்பார். கடைசியில் 'காணாமல் போனது' என்று ஒரு தலைப்பும் உண்டு. எந்த மாதமும் ஐம்பதோ நூறோ எங்கே போனது என்றே தெரியாமல் போகும். அதை வேறு எதிலாவது சேர்த்துச் சமாளிக்கக் கூடாது, போனதைப் போனது என்றே எழுதிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

மகளின் 40 டாலர் யூடியூபிலிருந்து வந்தது. முதுகுப்பையோடு தனியாக ஊர் சுற்றும் ஒரு பையன், 'இவ்வளவுதான் செலவு' என்று விரல்விட்டு எண்ணிக் காட்டியிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு வயது இருபத்துநான்கு இருக்கலாம். முட்டி வலி கிடையாது, சர்க்கரை மாத்திரை கிடையாது. மூன்று வேளையில் ஒரு வேளை பிரெட்டைக் கடித்துக்கொண்டே நடந்துவிடுவான்.

ஏன் சிங்கப்பூர்? அம்மாவுக்கு மெர்லயன் சிலை முன்னால் போட்டோ எடுக்கும் ஆசையெல்லாம் இல்லை. அவர் பார்க்க நினைத்தது ஒரே ஒரு தெரு, சிராங்கூன் ரோடு. அவருடைய அண்ணன் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1990-களில் கட்டட வேலைக்குப் போனவர். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குத்தான் வருவார். ஊர்க்காரர்களைப் பார்ப்பதும் பணம் அனுப்புவதும் அங்கேதான். அம்மாவின் கல்யாண நகையில் பாதி அந்தப் பணம். விடுமுறையில் வரும்போதெல்லாம் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கொண்டு வந்து, "உன்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்பார். ஊர் திரும்பிய சில வருடங்களில் காலமாகிவிட்டார்.

அதனால் இந்தப் பயணத்தைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பதற்றம் மகளுக்கு இருந்தது. கையில் இருந்தது இரண்டு லட்சம். தன் போனஸிலிருந்து அவள் சேர்த்தது 1,20,000. அப்பாவின் முதிர்ந்த வைப்புத்தொகை 80,000. அதற்கு மேல் கடன் வாங்கிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

முதலில் பேக்கேஜ் டூர் ஒன்றை விசாரித்தார்கள். தலைக்கு 68,000. 'எல்லாம் அடக்கம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் மதியச் சாப்பாடும் விசாவும் அடங்காது என்றிருந்தது. மூன்று பேருக்கு அதுவே இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. "நாமளே போயிக்கலாம்" என்றார் அப்பா.

போவதற்கு முன்பே தீர்ந்துவிடும் பணத்தை முதலில் கழித்தார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு என்பது பெரிய வசதி. டிக்கெட், தேடும்போது தலைக்கு 12,400 என்று சிரித்தது. பெட்டிக்குத் தனியாக, பக்கத்துப் பக்கத்து இருக்கைக்குத் தனியாக, கார்டில் கட்டுவதற்குத் தனியாக என்று மூன்று பேருக்கும் சேர்த்து 48,600-ல் வந்து நின்றது. விசா: சிங்கப்பூர் அரசு வாங்கும் கட்டணம் 30 டாலர்தான். முகவரின் கட்டணமும் சேர்ந்து மூவருக்கும் 9,000. பயணக் காப்பீடு 3,300. லிட்டில் இந்தியா பக்கம் மூன்று பேர் படுக்கும் சின்ன அறை, இரவுக்கு 150 டாலர் வீதம் நான்கு இரவுக்கு 39,000 ரூபாய். கூட்டினால் 99,900.

மிச்சம் 1,00,100. "அந்த நூறு ரூபாய் ஏர்போர்ட் ஆட்டோவுக்கே பத்தாது" என்று அப்பா அதை அப்போதே அடித்துவிட்டார்.

இருக்கும் ஒரு லட்சத்தில் 20,000 ரூபாயைத் தொடவே கூடாத பணம் என்று தனியாக வைத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனால், விமானம் தவறினால் எடுக்க மட்டும். ஊருக்கு வாங்கி வருவதற்கு 15,000. இது இல்லாமல் கணக்குப் போடுகிறவர்கள் பிறகு சாப்பாட்டுக் காசில்தான் சாக்லேட் வாங்குகிறார்கள். மீதி 65,000. ஐந்து நாளைக்குக் கையில் நிற்பது அவ்வளவுதான்.

அதை டாலராக்கும்போது மகள் இன்னொரு தவறு செய்திருந்தாள். கூகுளில் பார்த்த மாற்று விலையை, 63 ரூபாய் சொச்சத்தை, அப்படியே போட்டிருந்தாள். அது வங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விலை. பணம் மாற்றும் இடத்தில் விசாரித்தால் 65. இரண்டு ரூபாய் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆயிரம் டாலருக்கு அது 2,000 ரூபாய். அதனால் 65 என்றே வைத்துக்கொண்டார்கள். 65,000 ரூபாய் சரியாக 1,000 டாலர். ஒரு நாளைக்கு 200.

இந்த 200 போதுமா? இங்கேதான் அப்பா ஒரு யோசனை சொன்னார். "முதல்ல ஸ்ரீரங்கம் போயிட்டு வருவோம்."

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் ஒத்திகைக்குக் கிளம்பினார்கள். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கி, இரவு எட்டுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுச் சாப்பாடு கிடையாது. மகள் கையில் போனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்தாள். டீ: அம்மா மூன்று, அப்பா மூன்று, அவள் ஒரு காபி. தண்ணீர் பாட்டில் நான்கு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் சாப்பிட்டாக வேண்டும், 'இன்னும் கொஞ்ச தூரத்துல நல்ல ஹோட்டல் இருக்கு' என்பதெல்லாம் நடக்காது. நாலாயிரம் அடி நடந்தபின் அப்பாவின் வலது முட்டி பேச ஆரம்பித்தது. யூடியூப் பையன் ஒரு நாளில் 22,000 அடி நடந்திருந்தான். மூன்று மணிக்கு அம்மாவுக்கு எங்கேயாவது கால் நீட்டி உட்கார வேண்டும். கோயிலில் அதற்குக் காசில்லை. வெளிநாட்டில் ஏசியில் உட்கார ஏதாவது வாங்கிக் குடித்தாக வேண்டும். ஐந்து மணிக்கு மேல் ஆட்டோதான்.

அந்த ஒரு நாள் குறிப்பு, பார்த்த இருபது வீடியோவைவிட உதவியது. புதுக் கணக்கு இப்படி வந்தது: மூன்று பேருக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சாப்பாடு, டீ, தண்ணீர், பழம் எல்லாமாக 80 டாலர். ரயில், பஸ், முட்டிக்காக ஒரு டாக்ஸி என 40. டிக்கெட்டுகளுக்கு மொத்தம் 300, அதாவது நாளுக்கு 60. மீதி 20 டாலருக்கு அப்பா தன் கையால் தலைப்பு எழுதினார்: 'காணாமல் போனது'.

முன்பு போட்ட 120 இப்போது 200. மகள் ஆசைப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இதில் அடங்கவில்லை. ஒரு நிமிடம் கர்சரை அதன்மேல் வைத்திருந்து, பிறகு அழித்தாள்.

2025 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார்கள். கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை மகள் ஆன்லைனில் நிரப்பியிருந்தாள். அது இலவசம். அச்சு அசலாக அரசு தளம் போலவே இருந்த ஒரு தளம் அதற்கும் பணம் கேட்டது. கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டாள்.

ரயிலில்தான் முதல் சறுக்கல். அங்கே எம்.ஆர்.டி. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வங்கிக் கார்டையே தட்டிவிட்டுப் போகலாம். வெளிநாட்டு கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல், அவ்வளவுதான். ஆனால், ஒரு கார்டில் ஒரு ஆள்தான் போக முடியும். மகள் தன் கார்டிலேயே மூன்று பேரும் போகலாம் என்று நினைத்திருந்தாள். அப்பா, அம்மா இருவருக்கும் பயண அட்டை வாங்க வேண்டியதாயிற்று. அட்டைக்கான விலையாகவே ஆளுக்கு ஐந்து டாலர் போனது. அப்பா ஜேபியிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதினார். காணாமல் போனது: 10.

எக்ஸ்போவில் ரயில் மாறி லிட்டில் இந்தியா வந்தால், அறை மதியம் மூன்று மணிக்குத்தான் என்றார்கள். பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரவெல்லாம் தூங்காத மூன்று பேர், ஏழு மணி நேரம், போக இடமில்லை. மகளின் கணக்கில் முதல் நாள் 'அரை நாள்' என்று குறைவாக இருந்தது. உண்மையில் அன்றுதான் உட்காருவதற்கே காசு வேண்டியிருந்தது.

தேக்கா சென்டரில் டீ வாங்கினார்கள். ஒரு டீ ஒரு டாலர் அறுபது காசு.

அம்மா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நூத்தி நாலு ரூபாயா? ஒரு டீயா?"

கையிலிருந்த டம்ளரை ஏதோ உடையும் பொருள் போல மேசைமேல் வைத்தார். "இந்தக் காசுக்கு உறையூர்ல ஒன்றரை லிட்டர் பால் வாங்கி, தெருவுக்கே போட்டுக் குடுப்பேன்."

சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் சரி. போகவில்லை. அதன்பிறகு அம்மாவுக்குப் பசி என்பதே இல்லாமல் போயிற்று. மதியம் தோசைக் கடையில், "எனக்குப் பசிக்கலைடி, உன்னோடதுல ஒரு துண்டு குடு போதும்." மாலையில் டீ நேரத்தில், "வயிறு திம்முனு இருக்கு, நீங்க குடிங்க." இரவு, "பிளைட்ல சாப்பிட்டதே இன்னும் செரிக்கலை."

விமானத்தில் அவர்கள் சாப்பாடே வாங்கியிருக்கவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையை ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டதோடு சரி.

முதல் நாள் மொத்தச் செலவு 118. கையில் 200 இருந்தும் 118. மகளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். மிச்சமாகும் பணத்தில் யுனிவர்சல் போய்விடலாமா என்றுகூட ஒரு நப்பாசை. அப்பாவும் அம்மாவின் பக்கம் சரியாகப் பார்க்கவில்லை. சாப்பிட்ட தட்டை அவரவரே கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம் விழலாம் என்று தெரிந்ததிலிருந்து, பக்கத்து மேசைக்காரர்கள் வைக்கிறார்களா என்று கண்காணிப்பதில் அவர் மும்முரமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை தாவரவியல் பூங்கா. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம், உள்ளே போகக் காசு கிடையாது, லிட்டில் இந்தியாவிலிருந்து அதே ரயிலில் மூன்றாவது நிறுத்தம். காசில்லாத நாள் என்று மகள் வேண்டுமென்றே வைத்திருந்தாள். திட்டமிட்ட விதத்தில் எந்தக் குறையும் இல்லை. பதினொன்றரை மணிக்கு, வியர்வை காயாத அந்த ஊர் வெயிலில், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். பிறகு நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல. தலை லேசா சுத்துது."

உதடு வெளுத்திருந்தது. கை சில்லென்றிருந்தது. அப்பா விசிற, மகள் ஓடிப்போய் ஜூஸும் பிஸ்கட்டும் வாங்கி வந்தாள். அந்தப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணி நின்று, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார். கண்ணைத் திறக்காமலே அம்மா கையை மட்டும் வேகமாக ஆட்டினார். "வேணாம், வேணாம். அதுக்கு எவ்வளவு கேப்பாங்களோ!"

அந்த நிலையிலும் அவர் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் நிறம் திரும்பியது. டாக்ஸி பிடித்து அறைக்கு வந்து, சாப்பிட வைத்துத் தூங்க வைத்தார்கள். மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எக்ஸல் ஷீட்டைத் திறந்தாள். வியாழக்கிழமையின் 118 அங்கே பச்சை நிறத்தில் இருந்தது. 'மிச்சம் 82' என்று பக்கத்தில் அவளே போட்டிருந்த ஸ்மைலியைப் பார்க்கப் பிடிக்காமல் போனை அணைத்தாள்.

சாயங்காலம் அம்மா எழுந்ததும் அப்பா கேட்டார். "நேத்து காலையிலேருந்து என்ன சாப்பிட்ட? உண்மையச் சொல்லு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கண்ணன் இங்க இருந்தப்ப ஒரு டாலர் இருபத்துச் சொச்சம் ரூபாய். அந்த இருபதுக்கே எண்ணி எண்ணிக் குடிச்சேன்னு சொல்லுவார். ஞாயித்துக்கிழமை எல்லாரும் டீக்கடைக்குப் போவாங்களாம், இவர் மட்டும் வெளிய நிப்பாராம். அந்தக் காசுல எனக்குக் கல்யாணம் நடந்துச்சு. நான் வந்து இங்க நூத்தி நாலு ரூபாய்க்கு டீ குடிக்கவா?"

பதில் சொல்ல யாருக்கும் வரவில்லை.

கடைசியில் அப்பா பேசினார். கணக்கு எழுதுகிறவர் கணக்காகத்தான் பேசினார். "ரூபாய்க் கணக்கு திருச்சியிலயே முடிஞ்சு போச்சு. அறுபத்தஞ்சாயிரத்தைக் குடுத்து ஆயிரம் டாலர் வாங்கிட்டோம். அதை இங்க ஒவ்வொரு டம்ளருக்கும் திரும்பத் திரும்ப மாத்தினா, ஒரே செலவை நாலு தடவை எழுதுற மாதிரி. இன்னிக்கு நம்மகிட்ட இருக்கிறது இருநூறு. டீ ஒண்ணே முக்கால்கூட இல்ல. இருநூறுல ஒண்ணே முக்கால் பெருசா சின்னதா, அதை மட்டும் பாரு."

அம்மா பார்த்தார். சின்னதுதான்.

"அப்புறம், நாளையிலேருந்து விலைப்பலகையை நீ பாக்க வேணாம். பாப்பா வாங்கிட்டு வருவா, நீ சாப்பிடு. ஞாயித்துக்கிழமை சிராங்கூன் ரோடு போறோம்ல, அன்னிக்கு உன் கையில அம்பது டாலர் தருவேன். காணாமல் போனதுக்கு வெச்ச நூறுல பாதி. என்ன பண்ணினன்னு கேக்க மாட்டேன். ஆனா மிச்சம் புடிச்சுக் கொண்டு வரக் கூடாது."

1996-லிருந்து எழுதும் நோட்டில் கணக்குக் கேட்காத தொகை என்று ஒன்று அதுவரை வந்ததில்லை.

வெள்ளிச் செலவு, டாக்ஸியும் ஜூஸும் சேர்த்து 127.

சனிக்கிழமை நைட் சஃபாரி. டிராமில் உட்கார்ந்தபடியே இருட்டில் சிங்கமும் யானையும் பார்க்கலாம் என்பதால் அப்பாவின் முட்டிக்காகத் தேர்ந்தெடுத்தது. அம்மா குழந்தை மாதிரி ரசித்தார். திரும்பும்போது டாக்ஸி வரிசையில் நின்று ஏறுகையில் மணி 12.10. நள்ளிரவுக்கு மேல் ஏறினால் மீட்டர் தொகையில் பாதி கூடுதல். பத்து நிமிடத்தில் அது போயிற்று. அன்றைய மொத்தம் 304.

மகள் பதறிவிட்டாள். "நூத்தி நாலு டாலர் ஓவர்ப்பா!" எண் அப்படி அமைந்ததற்கு அம்மா சிரித்தார். அப்பா நோட்டைக் காட்டினார். அவர் நாள் நாளாகப் பார்க்காமல் கூட்டிக்கொண்டே வந்திருந்தார். மூன்று நாளைக்கு 600 செலவு செய்யலாம், ஆகியிருப்பது 549. இன்னும் 51 கையில். தினமும் 200 என்றால் தினமும் 200-க்குள் அடைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பெரிய டிக்கெட் உள்ள நாளுக்கு முன்னும் பின்னும் காசில்லாத நாள் இருந்தால் போதும். மகள் அப்படித்தான் வைத்திருந்தாள், பயத்தில் அவளே மறந்துவிட்டாள்.

ஞாயிறு காலை கார்டன்ஸ் பை தி பே. வெளித்தோட்டம் இலவசம், கண்ணாடிக் கூடாரங்களுக்கு டிக்கெட். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அங்கேயே காசில்லாமல் விளக்குக் காட்சி உண்டு. மதியம் ஏசி உணவகம் ஒன்றில் உட்கார்ந்தார்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒன்று சேவைக் கட்டணம் 10 சதவிகிதம், இன்னொன்று ஜி.எஸ்.டி. 9 சதவிகிதம். 40 டாலருக்குச் சாப்பிட்டு 47.96 கொடுத்தார்கள். கார்டைத் தேய்த்தபோது இயந்திரம், "இந்திய ரூபாயில் எடுக்கவா, சிங்கப்பூர் டாலரில் எடுக்கவா?" என்று கேட்டது. ரூபாயைத் தொடப்போன மகள், நல்லவேளையாக நிறுத்தினாள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். எந்த ஊரில் கேட்டாலும் அந்த ஊர்ப் பணம் என்றே அழுத்த வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு சிராங்கூன் ரோடு. வாரம் முழுக்க வேலை பார்த்த பையன்கள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தார்கள். போனில் வீட்டோடு பேசுகிறவர்கள், புல்தரையில் படுத்திருந்தவர்கள், பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள். காதில் விழுந்ததெல்லாம் தஞ்சாவூர், புதுக்கோட்டைத் தமிழ். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் அம்மா நின்று, "நான் கொஞ்ச நேரம் தனியா போயிட்டு வரேங்க" என்றார். சொன்னபடி அப்பா ஐம்பது டாலரை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர், ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். தலையில் மல்லிகைப் பூ. கையில் எதுவும் இல்லை. கண் சிவந்திருந்ததா, அந்தத் தெருவின் புழுதியா என்று மகளால் சொல்ல முடியவில்லை. அப்பா வாக்குத் தவறாமல் ஒன்றும் கேட்கவில்லை. மகளால் அப்படி இருக்க முடியவில்லை.

"என்னம்மா வாங்கின?"

"டீ குடிச்சேன். ரெண்டு வாங்கினேன்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக் கணக்கு 321.

திங்கட்கிழமை முஸ்தபா சென்டர். ஊருக்கு வாங்குவதற்கென்று ஒதுக்கிய 15,000 அங்கே கரைந்தது. பாதிக்கு மேல் கோடாலித் தைலமும் சாக்லேட்டும்தான். ஒரே கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய ரசீதை வைத்து விமான நிலையத்தில் ஜி.எஸ்.டி.யில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். அதற்குக் கிளம்பும் நேரத்தில் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைய சாப்பாடும் ரயிலும் 104. இந்த முறை எண்ணைப் பார்த்து மூன்று பேருமே சிரித்தார்கள்.

மொத்தம் 974. மிச்சம் 26 டாலர். தொடாத 20,000 தொடாமலே திரும்பி வந்தது.

வீடு வந்த மறுநாள் காலை அப்பா குட்டி நோட்டிலிருந்ததைப் பெரிய நோட்டில் ஏற்றினார். மகள் பின்னால் நின்று படித்தாள். பயண அட்டை, கூடுதல் டாக்ஸி, கூட்டல் குறி எல்லாம் 'காணாமல் போனது' என்பதன் கீழ் வரிசையாக இருந்தன. அம்மாவின் ஐம்பது அதில் இல்லை. தனியாக ஒரு வரியில், ஞாயிறு, ஐம்பது என்று எழுதி, விவரம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். 26 டாலரை அம்மா அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். அதை மாற்றச் சொல்லி மகள் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. நடக்கவில்லை.

கீழ்வீட்டில் இருப்பவர்கள் அடுத்த மாதம் மலேசியா போகிறார்கள். கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன், எழுபது தாண்டிய மாமியார். போன வாரம் வந்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு வெச்சுக்கலாம் சார்?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா நோட்டை எடுக்கவில்லை.

"பையன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஐஸ்கிரீம் கேப்பான்? உங்க அம்மா எவ்வளவு தூரம் நடப்பாங்க? முதல்ல சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போயிட்டு வாங்க" என்றார். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"டீயையும் எழுதிக்கச் சொல்லுங்க."